அம்பை செல்போன் கடை அண்ணனுக்கு

2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடியபோது என் மகள் ஆறாம் வகுப்பு. மணிமுத்தாறு பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் வீடு, உள்ளே சிக்னல் கிடையாது. இருந்த ஒரு போனும் அவள் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ஏழாம் வகுப்புக்கு வந்த பிறகு புத்தகத்தைத் தொடுவதையே விட்டுவிட்டு, பீடித் தட்டு பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு இலை வெட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள். பின்னக் கணக்கு சுத்தமாக மறந்துபோனது. இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசித்தாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

அண்ணே, உடைந்த டிஸ்ப்ளேயை மாற்றத்தான் அம்பாசமுத்திரத்தில் உங்கள் கடைக்கு வந்தோம். "எந்த கிளாஸ் தாயி?" என்று அவளிடம் கேட்டீர்கள், அவ்வளவுதான். சாயங்காலம் போனை வாங்கினால் உள்ளே ஒரு மெமரி கார்டு. கல்வித் தொலைக்காட்சியில் வந்த ஏழாம் வகுப்புப் பாடங்களை இறக்கி, பாடவாரியாகப் பிரித்து, தமிழிலேயே பெயர் போட்டு வைத்திருந்தீர்கள். கணக்குக்கு மட்டும் ஆறாம் வகுப்புப் பின்னமும் முன்னால் இருந்தது! "நெட் வேண்டாம்மா, ராத்திரி போன் வந்ததும் பிள்ளை பார்க்கட்டும்" என்றீர்கள். கார்டுக்குக் காசு வாங்கவே இல்லை. அப்புறம் போகும்போதெல்லாம் புதுப் பாடம் ஏற்றிக் கொடுத்தீர்கள். ஊரடங்கில் உங்கள் கடையும் பாதி நாள் பூட்டித்தான் கிடந்தது.

2021 நவம்பர் 1, எட்டாம் வகுப்பு திறந்த அன்றைக்குப் பயமில்லாமல் கிளம்பிப் போனாள். இப்போது அந்த இடத்தில் உங்கள் கடை இல்லை. அம்பைக்காரர்கள் யாராவது இதை அவரிடம் காட்டுங்கள். அண்ணே, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.