செயலாளர் ஆண்டறிக்கை 2025-26: பழைய வண்டியும் இன்சூரன்ஸ் பஞ்சாயத்தும்

நம்ம மும்பை பழைய கார் சங்கத்தோட தலைவர் சாருக்கும், கமிட்டிக்கும், செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட், டோம்பிவிலின்னு எல்லா மூலையில இருந்தும் ஞாயித்துக்கெழம தூக்கத்த விட்டுட்டு வந்திருக்கற மெம்பர்ஸுக்கும் வணக்கம்.

டிரைவ், பொங்கல் பூஜை, ஸ்கூல் கிரவுண்ட்ல வண்டிங்கள வரிசையா நிறுத்துனது, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, போட்டோவும் குரூப்ல வந்தாச்சு, அதையே திரும்பப் படிச்சு உங்க டிபன் டைம வீணாக்கப் போறதில்ல. கணக்க பொருளாளர் படிப்பாரு. நம்ம சங்கத்துல யாருக்கும் பேர் கெடையாது, வண்டி பேர்தான், அதனால இந்த ரிப்போர்ட்லயும் அப்படியே எழுதியிருக்கேன், யாரும் கோச்சுக்க வேணாம். இந்த வருஷம் கமிட்டியோட முக்காவாசி நேரத்த சாப்பிட்டது இன்சூரன்ஸ்தான், அதனால ரிப்போர்ட்டும் பெரும்பாலும் அதப்பத்திதான் இருக்கும்.

ஆரம்பிச்சு வெச்சது முலுண்ட் அண்ணனோட பத்மினி கார். சயான் சர்க்கிள்ல ஒரு டெம்போ வலது பக்கம் நல்லா ஒரசிட்டுப் போயிடுச்சு, கதவு, ஃபெண்டர், நடு பில்லர் மூணும் போச்சு. குர்லா சிஎஸ்டி ரோட்ல பார்ட்ஸ் தேடி, டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் சேத்து மெக்கானிக் குடுத்த எஸ்டிமேட் 26,000 ரூபா. சொந்த வண்டி சேதத்துக்கும் சேத்துக் குடுக்கற காம்ப்ரிஹென்சிவ் பாலிசிதான், கையில இருக்கு, அண்ணனும் தைரியமா கிளெய்ம் போட்டாரு. சேதத்த மதிப்பிட வந்த சர்வேயர் பேப்பரப் பாத்துட்டு "சார், இது டோட்டல் லாஸ்"னு சொல்லிட்டாரு. ஓடிட்டு இருக்கற வண்டி, கதவு நசுங்கியிருக்கு, அவ்ளோதான், அது எப்படி டோட்டல் லாஸ் ஆகும்னு இவரு கேக்க, பாலிசில ஐடிவி, அதாவது வண்டிக்குப் போட்ட மதிப்பு, 30,000னு இருக்கு, ரிப்பேர் செலவு ஐடிவில 75 சதவீதத்த தாண்டுனா டோட்டல் லாஸ் கணக்குலதான் வரும், 30,000ல 75 சதவீதம் 22,500, உங்க எஸ்டிமேட் அதுக்கு மேலன்னு பதில் வந்துச்சு. வண்டிய ஒப்படைச்சா கட்டாய டிடக்டபிள், அதாவது நாமளே ஏத்துக்க வேண்டிய பங்கு, 1,000 போக மீதி கெடைக்கும், வண்டிய வெச்சுக்கணும்னா அதோட காயலாங்கட வெலையயும் கழிச்சுதான் குடுப்பாங்க. பெயின்ட் பண்ணி, சீட் தெச்சு, குரோம் போட்டு அந்த வண்டிக்கு அவரு கொட்டுன காசு எவ்ளோன்னு அவரு வீட்டம்மாவுக்கே இன்னும் சரியா தெரியாது, இங்க நான் சொல்லி வம்புல மாட்ட விரும்பல.

அந்த 30,000 எப்படி வந்துச்சுன்னு தோண்டிப் பாத்தோம். வருஷா வருஷம் ரினியூவல் வரும்போது "ப்ரீமியம் கொஞ்சம் கம்மி பண்ணுங்க"ன்னு இவரு கேப்பாரு, ஏஜென்ட் ஐடிவிய எறக்குவாரு, ப்ரீமியம் எறங்கும், ரெண்டு பேருக்கும் சந்தோஷம். நம்மள்ல பாதிப் பேரு பாலிசி இப்படித்தான் இருக்கு, வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்க. மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், அஞ்சு வருஷம் வரைக்கும்தான் 5, 15, 20னு ஆரம்பிச்சு 50 சதவீதம் வரைக்கும் கழிக்கற அட்டவணை, அஞ்சு வருஷம் தாண்டிட்டாலோ மாடலே நின்னு போயிருந்தாலோ ஐடிவிங்கறது நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கற தொகை. கம்ப்யூட்டர் காட்டறதுதான் வெலன்னு எந்த சட்டமும் இல்ல. கூட்டுனா என்ன ஆகும்? எல்லா கம்பெனிக்கும் ஒரே ரேட்டுன்னு இருந்த பழைய டாரிஃப் புஸ்தகத்துல மும்பை மாதிரி ஏ மண்டலத்துக்கு, 10 வருஷத்துக்கு மேல் ஆன 1000-1500 சிசி வண்டிக்கு ஓன் டேமேஜ், அதாவது சொந்த வண்டி சேதத்துக்கான ப்ரீமியம், ஐடிவில 3.529 சதவீதம். 2007ல டாரிஃப எடுத்துட்டாங்க, இப்ப கம்பெனிக்குக் கம்பெனி தள்ளுபடி மாறும், ஆனா கணக்குக்கு அதையே வெச்சுக்கிட்டாலும் ஐடிவில ஒரு லட்சம் ஏத்துனா வருஷத்துக்கு 3,529 ரூபா, மேல ஜிஎஸ்டி 18 சதவீதம். நாலு தடவ டேங்க் ஃபில் பண்ற காசு கூட இல்ல. இத மிச்சம் புடிக்கப் போயித்தான் முலுண்ட் அண்ணன் வண்டி காயலாங்கட வாசல் வரைக்கும் போயிட்டு வந்துச்சு.

மலிவு இன்சூரன்ஸ்னு நம்ம ஆளுங்க தேடறது பெரும்பாலும் தேர்ட் பார்ட்டி பாலிசிய, அதாவது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகற நஷ்டத்துக்கு மட்டும் குடுக்கறத. அதுல தேடறதுக்கே ஒண்ணும் இல்லங்க. அந்த ரேட்ட கம்பெனி நிர்ணயிக்கறதில்ல, சென்ட்ரல் கவர்மென்ட் நோட்டிஃபிகேஷன், 2022 ஜூன் 1ல வந்த ரேட்படி 1000 சிசி வரைக்கும் 2,094, 1500 வரைக்கும் 3,416, அதுக்கு மேல 7,897. ஹெரால்டுக்கு 948 சிசி, மொத ஸ்லாப். பத்மினி 1089, அம்பாசடர் 1489, ரெண்டும் ரெண்டாவது. கான்டெஸா கிளாசிக் 1817, அதனால கான்டெஸாக்காரர் மொகம் எப்பவும் ஒரு மாதிரியே இருக்கும். நாலு கம்பெனி ஏறி எறங்குனாலும் இதேதான். ஆனா தேர்ட் பார்ட்டி மட்டும் வெச்சிருந்தா திருட்டுக்கும் கெடையாது, தீக்கும் கெடையாது, மழத்தண்ணிக்கும் கெடையாது. 2005 ஜூலை 26 அன்னிக்கு சாந்தாகுரூஸ்ல 944 மில்லிமீட்டர் கொட்டுனத இங்க நெறைய பேரு நேர்ல பாத்தவங்க, கிங் சர்க்கிள்ல இன்னிக்கும் ஜூலை வந்தா வண்டி மெதக்குது. காம்ப்ரிஹென்சிவ் இருந்தாலும் தண்ணியில நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் அடிபட்டுச்சுன்னா அந்த எஞ்சின் செலவுக்கு கம்பெனி கைய விரிச்சிரும், இழுத்துட்டுப் போங்க, சாவியத் தொடாதீங்க.

எங்க போயி எடுக்கறதுங்கறது அடுத்த தலவலி. ஆன்லைன் சைட்டுங்க மூணெழுத்து பழைய பம்பாய் நம்பர ஏத்துக்கவே மாட்டேங்குது, அடிச்சா "தவறான நம்பர்"னு வருது, காரணம் பாதி வண்டிங்க வாஹன்ங்கற அரசாங்க வண்டிப் பதிவு கம்ப்யூட்டர் சிஸ்டத்துல ஏறவே இல்ல. அதுக்கு ஆர்டிஓல பேக்லாக் என்ட்ரி போடணும். வடாலா, தார்தேவ், அந்தேரின்னு அவங்கவங்க ஆர்டிஓல குடுத்துட்டு வந்திருக்கோம், கொஞ்சம் பேருக்கு ஏறிடுச்சு, சிலருக்கு "நாளைக்கு வாங்க"தான். கூடவே ஆர்சி, அதான் ரெஜிஸ்ட்ரேஷன் புக், உயிரோட இருக்கான்னு பாத்துக்கங்க. 2021ல சுப்ரீம் கோர்ட் ஒரு திருட்டு வழக்குல, ரெஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சு போன வண்டிக்கு கிளெய்ம் குடுக்க வேண்டியதில்லன்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. 20 வருஷம் தாண்டுன காருக்கு ரினியூவல் ஃபீஸ் 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆயிடுச்சு, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ, வயிறு எரியுது, ஆனா கட்டித்தான் ஆகணும்.

சங்கமா சேந்து ஒரே குரூப் பாலிசி வாங்கலாம்னு போன வருஷம் பொதுக்கூட்டத்துல தீர்மானம் போட்டோம், கமிட்டியும் அலைஞ்சுது. ஹெல்த்துல இருக்கற மாதிரி இதுல இல்லன்னு ஒரு அரசாங்க கம்பெனி பிராஞ்ச்ல தெளிவா சொல்லிட்டாங்க. ஆனா அங்க இருந்த டெவலப்மென்ட் ஆபீசர் அம்மா ஒரு வழி சொன்னாங்க, வண்டிங்கள ஒரே நாள் ஒரே எடத்துல நிறுத்துங்க, லைசென்ஸ் உள்ள சர்வேயர வெச்சு வேல்யுவேஷன் ரிப்போர்ட் வாங்குங்க, ரிப்போர்ட்டும் பில்லும் போட்டோவும் இருந்தா ஐடிவிய நான் மேல பேசறேன்னாங்க. அப்படித்தான் அந்த ஸ்கூல் கிரவுண்ட் ஞாயித்துக்கெழம வந்துச்சு.

அன்னிக்கு வராதவங்களுக்காக சொல்றேன். சர்வேயர் வந்ததும் பாலிஷ பாக்கல, பெயின்ட பாக்கல, நேரா பானெட்ட தொறங்கன்னாரு. ஒரு துணியில பெட்ரோல் நனைச்சு சேசிஸ் நம்பர் மேல இருந்த கிரீஸ தொடச்சாரு, மெல்லிசு பேப்பர வெச்சு பென்சில படுக்க வெச்சு தேச்சாரு, நம்பர் ஒண்ணொண்ணா எழும்பி வந்துச்சு. மாட்டுங்கா மாமாவோட ஹெரால்டுக்கு வந்தப்பதான் சிக்கல், பேப்பர்ல கடைசி நம்பர் 8, ஆர்சி புக்குல 3. அந்த காலத்து கிளார்க் மசி பேனாவுல எழுதுன 8தான் அது, ஒரு வளைவு மங்கிப் போயி 3 ஆயிடுச்சு, ஸ்மார்ட் கார்டுக்கு மாத்துனப்ப அதையே அடிச்சு வெச்சுட்டாங்க. வேற கம்பெனி ஒண்ணு அவரு பாலிசிய இத்தன நாளும் கண்ண மூடிட்டு ரினியூ பண்ணிட்டு இருந்திருக்கு, கிளெய்ம்னு ஒண்ணு வந்திருந்தா அன்னிக்குத்தான் கண்ண தொறந்திருப்பாங்க. மாமா அஃபிடவிட் குடுத்து இப்ப திருத்தியாச்சு. நீங்களும் ஒரு பென்சில் எடுத்து உங்க வண்டியில தேச்சுப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேல.

அன்னிக்கு வந்த வண்டிங்கள்ல பெரும்பாலானதுக்கு ரிப்போர்ட் வந்து ஐடிவி ஏறிடுச்சு. முலுண்ட் பத்மினியும் சொந்தக் காசுல ரெடியாகி வந்து நின்னுச்சு, இப்ப அதுக்கு 1,60,000. ஆனா ஐடிவி ஏறிட்டா எல்லாம் முழுசா வந்துரும்னு நெனைக்காதீங்க, ரிப்பேர் கிளெய்ம்ல 10 வருஷம் தாண்டுன வண்டியோட மெட்டல் பார்ட்ஸுக்கு பாதிதான், ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கும் பாதிதான், கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்ல. இந்தக் கழிவே இல்லாம குடுக்கற ஜீரோ டெப் நம்ம வயசு வண்டிக்குத் தரமாட்டாங்க, கேட்டுக் கேட்டு அசிங்கப்பட்டாச்சு.

வின்டேஜ் நம்பர் எடுத்துட்டா எல்லாம் பாதி வெலன்னு ஒரு பேச்சு ஓடிட்டு இருக்கு, அதயும் பாத்துட்டோம். ஆர்டிஓ கணக்குல மொத ரெஜிஸ்ட்ரேஷன்ல இருந்து 50 வருஷம் தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின்ல கை வெக்காத வண்டி வின்டேஜ், 2021 ஜூலைல வந்த ரூல், நம்பர்ல விஏன்னு எழுத்து வரும், ஃபீஸ் 20,000, பத்து வருஷத்துக்கு செல்லும். பழைய இன்சூரன்ஸ் டாரிஃப் கணக்கு வேற, அங்க 1940 டிசம்பர் 31க்கு முன்னாடி செஞ்சு, வின்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியா சர்டிஃபிகேட் குடுத்த வண்டிதான் வின்டேஜ், அதுக்குத்தான் அக்ரீட் வேல்யூ பாலிசி, அதாவது மொதல்லயே ஒத்துக்கிட்ட தொகைய கழிவில்லாம குடுக்கறது. நம்ம சங்கத்துல 1940க்கு முன்னாடி பொறந்தது ஒரு மெம்பர்தான், வண்டி ஒண்ணும் இல்ல. ஆர்டிஓ வின்டேஜுக்கு தேர்ட் பார்ட்டில 50 சதவீதம் தள்ளுபடி உண்டு, அது நெஜம். சாதா ஆர்சி ரினியூவலும் பத்து வருஷத்துக்கு ரெண்டு பத்தாயிரம் ஆகறதால ஃபீஸ்லயும் பெரிய நஷ்டமில்ல. ஆனா விஏ நம்பர் வண்டிய ராலி, எக்சிபிஷன், பெட்ரோல், சர்வீஸ், இதுக்குத்தான் ரோட்ல எறக்கலாம். ஹெரால்டுக்கு வருஷம் 1,047 ரூபா மிச்சம், அதுக்காக மாமா சனிக்கெழம செட்டா நகர் முருகன் கோயிலுக்கு அந்த வண்டியில போறத நிறுத்தணுமா? வேணாம்னு கமிட்டி நெனைக்குது. ஷெட்லயே நிக்கற 1500 சிசிக்கு மேல் வண்டின்னா யோசிக்கலாம்.

மாடிஃபைடு வண்டிக்காரங்க இத கொஞ்சம் கவனமா கேளுங்க. ஏசி, ம்யூசிக் சிஸ்டம், அலாய், சீட் இதெல்லாம் ஆக்சசரி, பில் குடுத்து பாலிசில ஏத்திக்கலாம், எலக்ட்ரிக்கல் சாமானுக்கு அதோட மதிப்புல 4 சதவீதம் பழைய ரேட். கலர் மாத்துனா ஆர்சில ஏறணும். எஞ்சின் மாத்துறதுதான் பெரிய வெவகாரம். மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, அதுக்கு மேல 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, ரெண்டும் கம்பெனி ஸ்பெசிஃபிகேஷன மீறி மாத்தக்கூடாதுன்னுதான் சொல்லுது. டோம்பிவிலி அம்பாசடர்ல இசுசு எஞ்சின் உக்காந்திருக்கறது ஊருக்கே தெரியும், ஆர்சில இன்னும் 1489தான் இருக்கு. அந்த இசுசு எஞ்சின் 1817 சிசி, அதுக்கு தேர்ட் பார்ட்டி ப்ரீமியமே 7,897 ஸ்லாப், இவரு 3,416 கட்டிட்டு இருக்காரு, நாளைக்கு ஒரு கிளெய்ம்னா மொத கேள்வியே இதுதான் வரும். தம்பிகிட்ட பலமுறை சொல்லியாச்சு, ஆர்டிஓல அனுமதிக்கு அப்ளை பண்ணட்டும், இல்ல பழைய எஞ்சின மாட்டட்டும், அதுவரைக்கும் அந்த வண்டிக்கு சங்கம் சிபாரிசு லெட்டர் குடுக்காது. கமிட்டில ஒருத்தர் தவிர எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, அந்த ஒருத்தர் அவரோட மச்சான்.

சில்லற மிச்சங்களும் உண்டு. மூணு வண்டி வெச்சிருக்கறவங்க மூணுலயும் 15 லட்ச ஓனர் டிரைவர் பிஏ கவர், அதாவது ஓட்டற ஓனருக்கான விபத்து காப்பீடு, கட்ட வேணாம், 2019ல இருந்து ஆளுக்கு ஒண்ணு போதும். கிளெய்ம்ல கூடுதலா 5,000 நானே ஏத்துக்கறேன்னு வாலன்டரி டிடக்டபிள் எடுத்தா பழைய டாரிஃப்ல ஓன் டேமேஜ்ல 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 கொறையும், சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதவங்களுக்கு சரிப்படும். ஆட்டோமொபைல் அசோசியேஷன் மெம்பர்ஷிப்புக்கு 5 சதவீதம்னு சொல்லுவாங்க, 200 ரூபாய்க்கு மேல கெடையாது, அதுக்கு சண்ட போட்டு அலைய வேணாம். பாலிசி முடிஞ்சு 90 நாள் தாண்ட விட்டுட்டா நோ க்ளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாததுக்குக் கெடைக்கற தள்ளுபடி, மொத்தமா போயிரும், 50 சதவீதம் வெச்சிருக்கறவங்க தேதிய காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சுக்கங்க.

இந்த வருஷம் நம்ம மூத்த மெம்பர் ஒருத்தர எழந்துட்டோம், அவரோட 118 என்இ கார் இப்ப பையன்கிட்ட இருக்கு. ஓனர் காலமானா பாலிசி அன்னிக்கே போயிடாது, மூணு மாசம் இல்ல பாலிசி முடியற தேதி, எது முன்ன வருதோ அதுவரைக்கும் ஓடும், அதுக்குள்ள வாரிசு பேருக்கு மாத்தணும். பையனுக்கு இது தெரியல, துக்கத்துல யாரு பாலிசியப் பாப்பாங்க, டெவலப்மென்ட் ஆபீசர் அம்மாதான் ஞாபகப்படுத்தி முடிச்சுக் குடுத்தாங்க. எல்லாரும் பாலிசி, ஆர்சி காப்பிய வீட்ல ஒருத்தர்கிட்ட குடுத்து வைங்க.

அடுத்த இன்ஸ்பெக்ஷன் ஞாயித்துக்கெழம மழைக்கு முன்னாடி, மே மாசத்துலயே வெக்கணும்னு கமிட்டி முடிவு. சர்வேயர் ஃபீஸ வண்டிக்கு இவ்ளோன்னு பிரிச்சுக்கலாம், சங்கத்து பணத்துல இருந்து வேணாம்னு பொருளாளர் சொல்றாரு, அத இன்னிக்கு ஓட்டுக்கு விடறோம். பேர் குடுக்கறவங்க வேல்யுவேஷனுக்கு வேண்டிய பில்லுங்கள இப்பவே தேட ஆரம்பிங்க, பில் இல்லாத குரோம் வேலைய சர்வேயர் எழுத மாட்டாரு. சந்தா பாக்கி வெச்சிருக்கறவங்க வண்டி அன்னிக்கு கேட்டுக்குள்ள வராது. பொருளாளர் கணக்கோட ரெடியா இருக்காரு, மைக்க அவருகிட்ட குடுக்கறேன்.