அம்மாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசை

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

போனில் பேசினால் அம்மா காதில் விழுந்துவிடும், அதனால்தான் கடிதம். அம்மாவின் 60ஆவது பிறந்தநாளுக்குக் கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் ஞாயிறு பிரன்ச், அதாவது காலைக்கும் மதியத்துக்கும் நடுவே சாப்பிடுகிற சாப்பாடு, கொடுக்க ஆசை, எந்த இடம் நல்லது என்று கேட்டிருந்தாய். 31 வருஷம் நுவரெலியாவில் ஹோட்டல் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை பார்த்தவன் நான். நீ இதை என்னிடம் கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வரவில்லை.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கடல் இருக்கிறது, கண்ணாடிச் சுவர் இருக்கிறது, இருபதாவது மாடி இருக்கிறது. கதிரை எப்படி என்று ஒரு படத்திலும் தெரியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. பள்ளமான சோபாவில் உட்கார்ந்தால் எழும்ப ஆள் வேண்டும். உயரமான ஸ்டூலில் அவளால் ஏறவே முடியாது. சாய்ந்துகொள்ள முதுகும் கை வைக்கப் பிடியும் உள்ள சாதாரணக் கதிரை இருக்கிறதா என்று முதலில் பார். கழிப்பறைக்குப் படி இறங்க வேண்டுமா என்றும் பார்.

அடுத்தது சாப்பாடு. பிரன்ச் என்றால் அநேகமாக பஃபே. தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்று, ஒவ்வொரு மேசையாக நடக்க வேண்டும். அது அம்மாவுக்குச் சிரமம். ஆனால் நல்ல இடத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் மேசைக்கே கொண்டுவந்து வைப்பார்கள். எங்கள் மண்டபத்தில் வயதானவர்களுக்கு நான் எத்தனையோ தடவை அப்படிச் செய்திருக்கிறேன். போனில் கேட்கும்போது அந்தப் பக்கம் என்ன குரலில் பதில் வருகிறது என்று கவனி. அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

சமையலறை எப்படிப்பட்டது என்று அறிய அப்பா பார்ப்பது இரண்டு இடங்களை. ஒன்று முட்டை. வேகவைத்த முட்டையின் மேல் மஞ்சளாக ஒரு சாஸ் ஊற்றுவார்களே, ஹொலண்டேஸ், அது மஞ்சள் கருவும் பட்டரும் சேர்ந்தது. அதிக நேரம் வைத்தால் திரிந்து எண்ணெய் பிரியும், சூட்டிலும் நிற்காது. அதை அடிக்கடி புதிதாக அடித்து எடுக்கிற சமையலறை மற்றதையும் கவனமாகத்தான் செய்யும். இன்னொன்று அப்பம். ஆள் வந்து கேட்ட பிறகு தாச்சியில் மா ஊற்றிச் சுட வேண்டும். சுட்டு அடுக்கி வைத்த அப்பம் பத்து நிமிஷத்தில் ஓரம் வளைந்து நடு களியாகிவிடும். முட்டை அப்பமும் கட்டைச் சம்பலும் சரியாக இருந்தால் அம்மாவுக்கு வேறு ஒன்றும் தேவையில்லை. பாத்திரங்களைச் சிறிதாக வைத்து அடிக்கடி நிரப்புகிறார்களா, தொடக்கத்திலேயே மலைபோல் குவித்து வைத்துவிட்டார்களா என்றும் பார். மேசை திறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுவது நல்லது.

அம்மா மாட்டிறைச்சி தொடமாட்டாள் என்று உனக்குத் தெரியும். அந்த அகப்பை மற்றக் கறிகளில் படாமல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள். இதைக் கேட்க நீ கூச்சப்பட வேண்டியதில்லை, கேட்கிறவர்களை நாங்கள் மதித்தோம்.

தேத்தண்ணியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். 27 வருஷம் அம்மா தேயிலைத் தோட்டத்தில் எடுத்த கொழுந்து எத்தனை கிலோ என்று நீயே நினைத்துப் பார். நல்லதெல்லாம் பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போனது, நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தது தூசு. இவ்வளவு பெரிய இடத்தில், ஆறிய வெந்நீரில் பையைப் போட்டு நூலைத் தொங்கவிட்டு அம்மா முன்னால் வைத்தால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இலைத் தேயிலை போட்டு, கொதித்த தண்ணீர் ஊற்றி, மூன்று நாலு நிமிஷம் மூடி வைத்துப் பானையோடு கொண்டுவருவார்களா என்று கேள். எந்த மலைத் தேயிலை வேண்டும், திம்புலையா நுவரெலியாவா என்று அவர்கள் உன்னைத் திருப்பிக் கேட்டால் அந்த இடத்தையே எடுத்துக்கொள்.

பிரன்ச் என்ற பெயர்தான் அம்மாவுக்குப் புதிது, அந்த நேரத்துச் சாப்பாடு புதிதில்லை. பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணி வேலை பிரிக்கிற இடத்துக்கு, விடியக் கிளம்பி, பத்து மணிவாக்கில் மலையில் கூடையை இறக்கிவைத்து, செடிக்குப் பக்கத்தில் நின்றபடி ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டவள். பத்து நிமிஷத்துக்குள் முடித்துவிட்டு மறுபடி நிரைக்குப் போக வேண்டும், கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான். அதனால்தான் இன்றைக்கும் அவ்வளவு வேகமாகச் சாப்பிடுகிறாள். இரண்டு சுற்று மேசை நடத்தி, ஒன்றரை மணி நேரத்தில் அடுத்தவருக்கு விட வேண்டும் என்று சொல்கிற இடம் நமக்கு வேண்டாம். மேசை எத்தனை மணி வரை நம்முடையது என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள். அவள் ஆற அமர மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது.

இதை உன்னிடம் நான் முன்பு சொன்னதில்லை. ஒரு சித்திரை சீசனில் தோட்டத்துக் குடும்பம் ஒன்று எங்கள் மண்டபத்துக்கு வந்தது. மகன் வெளிநாட்டில் சம்பாதித்து, தாய் தகப்பனைக் கூட்டி வந்திருந்தான். ஜன்னலோர மேசைகள் காலியாகத்தான் இருந்தன. சமையலறைக் கதவோரம் உட்கார வை என்று எனக்குச் சொன்னார்கள், நான் உட்கார வைத்தேன். அந்தத் தாய் எதுவும் கேட்கவில்லை, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வேலைக்குப் பயந்து செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும் இன்றுவரை அந்த முகம் போகவில்லை. ஆகவே பாப்பா, நீ ஒருமுறை அந்த இடங்களுக்குத் தனியாகப் போய்ப் பார். ஆபீஸ் உடுப்பில் போகாதே, சாதாரண சட்டையும் செருப்பும் போதும். வாசலில் நிற்கிற பிள்ளை உன்னை எப்படிப் பார்க்கிறது, எந்த மேசையைக் காட்டுகிறது, தமிழில் பேசினால் முகம் எப்படி மாறுகிறது என்று பார். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வா. நீ பார்த்து வருவது மற்றவர்கள் எழுதுகிற மதிப்புரைகளைவிட எனக்குப் பெரிது.

செலவு. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் அதில் சேரவில்லை. 10,000 ரூபாய் என்று போட்டிருந்தால் 10 வீதச் சேவைக் கட்டணத்தோடு 11,000, அதன் மேல் 18 வீத வாட் வந்தால் 12,980. ஐந்து பேருக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு எடு. பேரனுக்கு அரை விலையா என்றும் கேள். வங்கி கார்டுக் கழிவு இருக்கும், ஆனால் கழிவு நாளில் கூட்டமும் இருக்கும். பில்லை அம்மா கண்ணில் காட்டாதே. தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே 2021இல்தான், அதற்கு எத்தனை வருஷம் கேட்டு நின்றோம். தொகையைப் பார்த்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

நாள் விஷயத்தில் ஒரு யோசனை. போயா, அதாவது பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்து ஞாயிறு வந்தால் அதை எடு. அன்றைக்கு மது விற்பனை இல்லை, சத்தம் குறைவாக இருக்கும்.

இடம் என்று கேட்டால், நீ எழுதியதில் காலிமுகத்திடல் ஹோட்டல் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. 1864இல் தொடங்கியது. கடல் பக்கம் நீளமான விறாந்தை. அம்மா கடலைப் பார்த்தது இரண்டே தடவை. ஆனால் கடல் மேற்கே, இரண்டு மணிக்கு மேல் வெயில் முகத்தில் அடிக்கும், உள்ளே தள்ளி நிழலில் மேசை கேள். வாசலில் உனக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அதையும் விட்டுவிடு, சைவக் கடையில் தோசை சாப்பிடலாம்.

கினிகத்தேனை வளைவுகளில் அம்மாவுக்குத் தலை சுற்றும், பஸ் வேண்டாம், சனிக்கிழமை ரயிலில் வருகிறோம். பேரனைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நேற்றே உனக்குப் பொல் ரொட்டி சுட்டுக் கொண்டுவர மா வாங்கிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா