பழையது வரட்டும், பாழானது வேண்டாம்: வடசென்னை விளையாட்டு மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

வியாசர்பாடி முதல் எண்ணூர் வரை உள்ள கால்பந்துக் கழகங்கள், கிரிக்கெட் அணிகள், குத்துச்சண்டைக் கூடங்கள், கேரம் மன்றங்கள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

வரும் மே மாதம் நம் பகுதிப் பயிற்சியாளர்கள் சிலர் இலங்கை மலையகத்துக்குப் போகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் வாலிபாலும் கற்றுக்கொடுப்பது, அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி முறைகளைச் சொல்லித்தருவது, கொண்டுபோகும் பொருட்களை அவர்களிடமே விட்டுவிட்டு வருவது, இவ்வளவுதான் திட்டம். யாருக்கும் சம்பளம் இல்லை. விமான டிக்கெட் அவரவர் செலவு. பொருட்களுக்கு மட்டும் உங்களிடம் கை நீட்டினோம். நீங்களும் தாராளமாகவே அனுப்பினீர்கள். அனுப்பியதைப் பிரித்துப் பார்த்த பிறகு எழுதுகிற மடல் இது. ஆகவே கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மூட்டையில் ஸ்டட் ஷூக்கள். ஜோடி சேர்க்கலாம் என்று தரையெல்லாம் பரப்பினால், இடது காலே இடது காலாக வந்துகொண்டிருந்தது. விக்கெட் கீப்பர் கையுறை ஒன்றின் விரல்களுக்குள் எலி பஞ்சைக் குதறிக் குட்டி போட்டுவிட்டுப் போயிருந்தது. ஒரு கால்பந்துக்குக் காற்றடித்தோம். ஒரு பக்கம் மட்டும் பலாக்காய் போலப் புடைத்துக்கொண்டு நின்றது. இன்னொரு மூட்டை நிறைய ஜெர்சிகள். பார்த்ததும் மனம் குளிர்ந்தது. விரித்தால் மார்பில் ஒரு வட்டச் செயலாளர் கும்பிடுகிறார், முதுகில் அவருடைய தலைவர் சிரிக்கிறார். உள்ளூர்ப் போட்டிக்கு ஜெர்சி வாங்கித் தந்தவரின் முகம் அதில் இருப்பது நம் ஊர் வழக்கம். அதில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால் நம் வார்டு அரசியலை மார்பில் சுமந்துகொண்டு நுவரெலியா மாவட்டத்துப் பிள்ளை ஏன் ஓட வேண்டும்? அவர்களுக்கென்று கட்சிகளும் சங்கங்களும் அங்கே வேண்டிய அளவு இருக்கின்றன.

மற்றவர்கள் இப்படி அனுப்பியிருந்தால் நான் மடல் எழுதியிருக்க மாட்டேன். நாம் அனுப்பியதுதான் உறுத்துகிறது. அடுத்தவர் கொடுத்ததை வாங்கிப் பழகியவர்கள் நாம். 2015 வெள்ளத்தின்போதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வந்து இறங்கிய பழந்துணி மூட்டைகளை நம் தெருக்களில்தான் பிரித்தோம். ஜிப் அறுந்த கால்சட்டை, கொக்கியில்லாத ரவிக்கை, சென்னையில் யாரும் போட முடியாத கம்பளிக் கோட்டு. கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள், அதை அள்ளி அப்புறப்படுத்தும் வேலை நமக்கு மிஞ்சியது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் எங்கள் பிள்ளைகளுக்குக் கால்பந்து ஷூ கொடுத்தது. மேடை, பேனர், பொன்னாடை எல்லாம் இருந்தன. ஷூ அத்தனையும் ஒன்பதாம் எண், பத்தாம் எண். வாங்க வந்தவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். முனையில் துணியை அடைத்துக்கொண்டு சில நாள் ஓடினார்கள், பிறகு வெறுங்காலே மேல் என்று கழற்றிப் போட்டார்கள். இல்லாதவனுக்கு எது கொடுத்தாலும் போதும் என்கிற நினைப்பை நாம் எவ்வளவு வைதிருக்கிறோம்! அதே நினைப்பு இப்போது நம் மூட்டையிலிருந்தும் எட்டிப் பார்க்கிறது.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1820-களில் தொடங்கி முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், இலைநோயில் காப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து போனவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். இலங்கை விடுதலையான 1948-ஆம் ஆண்டிலேயே அங்கு வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தது, போக விருப்பமா என்று அவர்களைக் கேட்காமலே. பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் குடியேறிய வியாசர்பாடிக்கு இந்தக் கதை புதிதல்ல. அங்கேயே தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அந்தப் பள்ளிகளில் படிக்கிறார்கள். பல குடும்பங்கள் இன்னும் லயம் என்று சொல்லப்படும் வரிசை வீடுகளில்தான் இருக்கின்றன.

இலங்கை என்றதும் எல்லோரும் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக் கொடுக்கிறீர்கள். 1996 உலகக் கோப்பை நினைவு போலும். இலங்கையின் தேசிய விளையாட்டு வாலிபால், 1991 முதல். தோட்டப் பகுதியில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலைச்சரிவில் சமதளம் என்பது கிடைத்தற்கரியது. கொஞ்சம் மட்டமான இடம் இருந்தால் அங்கும் தேயிலை நிற்கும். கால்பந்துக்கு முழு மைதானம் கிடைப்பது அரிது. வாலிபாலுக்கு 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் போதும். பந்து வெளியே போனால் சரிவில் உருண்டு கீழ்த்தோட்டத்துக்கே போய்விடும் என்பதால் ஒரு பந்துக்கு நான்கு பந்து கையிருப்பு வேண்டும். மட்டையும் பேடும் இனி வேண்டாம். எடையும் அதிகம், விமானத்தில் மட்டையைக் கைப்பையோடு உள்ளே கொண்டுபோகவும் விடமாட்டார்கள்.

பந்துகளைப் பற்றி. ஐந்தாம் எண் பந்து பெரியவர்களுக்கு. எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை நான்காம் எண், அதற்கும் சிறியவர்களுக்கு மூன்று. உங்கள் கிடங்குகளில் மூன்றும் நான்கும் தூசி படிந்து கிடக்கின்றன, ஏனென்றால் உங்கள் அணிகளில் எல்லோரும் வளர்ந்துவிட்டார்கள். அவைதான் எங்களுக்குத் தங்கம். தோல் தேய்ந்து வழவழப்பாகியிருந்தாலும் பரவாயில்லை. காற்றடித்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் கட்டை விரலால் அழுத்தும்போது குழி விழாமல் இருந்தால் அது நல்ல பந்து. பிறகு காற்றை முழுவதும் இறக்கிவிடுங்கள். இறக்கிய பந்துகளைக் கிண்ணம் அடுக்குவதுபோல் ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் ஒரே பையில் இருபதுக்கு மேல் கொள்ளும். தையல் பிரிந்த பந்தைத் தூக்கிப் போடாதீர்கள், உள்ளே காற்றுப் பிடிக்கும் பிளாடர் நன்றாக இருந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துவிடலாம். பம்ப் ஒன்றுக்கு ஊசி பத்து வேண்டும். ஊசி இல்லாமல் நல்ல பந்துகள் சப்பையாகிக் கிடக்கும் பள்ளிகளை வடசென்னையிலேயே பார்த்திருக்கிறேன். அந்த ஊசியை ஈரப்படுத்தாமல் செருகி வால்வைக் கிழிக்கும் வேலையை நாம் எல்லோரும் செய்கிறோம்; அதை அங்கே கற்றுக்கொடுக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

ஷூவில்தான் ஏமாற்றம் அதிகம். பெட்டியைவிட்டு எடுக்காத புதிய ஷூ என்று ஒரு கழகம் பெருமையாகக் கொடுத்தது. போட்டு நாலு எட்டு வைத்ததும் அடிப்பகுதி மாவாக உதிர்ந்தது. கொடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை. பாலியூரித்தேன் அடிப்பகுதி காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி உள்ளுக்குள்ளேயே சிதையும். போட்டாலும் போடாவிட்டாலும் ஆண்டுகள் ஆனால் அதன் ஆயுள் முடிந்துவிடும். கடற்கரை ஓரத்து நம் ஊரில் கேட்கவே வேண்டாம். ஆகவே கொடுக்கும் முன் இரு கைகளாலும் பிடித்து நடுவில் நன்றாக மடக்குங்கள். விரிசல் விட்டால் வேண்டாம். ஒன்றாம் எண் முதல் ஐந்தாம் எண் வரை மட்டும் அனுப்புங்கள். நாடாவால் இரண்டையும் சேர்த்துக் கட்டி அனுப்புங்கள், தயவுசெய்து. மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும், அதற்குமேல் அங்கே நனைந்தது எளிதில் காயாது. எனவே பருத்தி பனியன்களைவிடப் பாலியெஸ்டர் ஜெர்சிகள் மேல். முகம் அச்சிடாதவை.

உண்மையில் எங்களுக்கு அதிகம் தேவைப்படுவது யாரும் கொடுக்க நினைக்காத பொருட்கள். மைதானத்தில் அடையாளம் வைக்கும் தட்டைக் கோன்கள், அணியைப் பிரித்துக் காட்டும் இரண்டு நிற மேலாடைகள், விசில், ஷின் கார்டு. இவை எல்லாம் சேர்ந்தே ஒரு ஜோடி பேடின் எடை வராது. ஒரே பந்தையும் இருபது கோனையும் வைத்துக்கொண்டு நாற்பது பிள்ளைகளை வேலை வாங்கத் தெரிந்த ஆசிரியர் உருவாகிவிட்டால், நாங்கள் மறுபடி போகவே வேண்டியதில்லை.

குத்துச்சண்டைக் கூடத்து அண்ணன்மார்களுக்குத் தனியாக ஒரு சொல். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இந்தக் கலைக்குப் பரம்பரைகள் இருந்தன, அந்தப் பெருமையோடுதான் கையுறைகளை அனுப்பினீர்கள். ஆனால் குத்தி உறைந்த பழைய கையுறையில் உள்ளே இருக்கும் நுரை கெட்டிப்பட்டுவிடும். குத்துபவனின் விரல் எலும்புக்கும் ஆபத்து, வாங்குபவனின் முகத்துக்கும் ஆபத்து. வியர்வை ஊறி ஊறி வந்த பூஞ்சையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, மூக்கே சொல்லும். இந்த முறை குத்துச்சண்டை சொல்லித்தர எங்களுடன் யாரும் வரவும் இல்லை. அவற்றை உங்களுக்கே திருப்பி அனுப்புகிறோம், கோபிக்க வேண்டாம்.

கேரம் மன்றங்களுக்கு இதற்கு நேர்மாறாகச் சொல்வேன். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைக்காரர். அந்தச் செய்தியோடு போகும் கேரம் காய்களுக்கு மலையகத்தில் தனி மரியாதை இருக்கும். பலகை வேண்டாம், அதைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியாது. அங்கேயே தச்சர் செய்து கொடுப்பார். காய் ஒன்று ஐந்தரை கிராமுக்கு மேல் இராது. பத்தொன்பது காய்கள், ஒரு ஸ்டிரைக்கர், எல்லாம் சேர்த்து ஒரு சட்டைப்பைக்குள் அடங்கும். எத்தனை செட் கொடுத்தாலும் எடுத்துக்கொள்கிறோம். பௌடர் மட்டும் வேண்டாம். அந்நிய நாட்டு விமான நிலையத்தில் வெள்ளைத் தூள் பொட்டலத்தோடு நின்று இது கேரத்துக்கு என்று விளக்கிக்கொண்டிருக்கும் துணிவு எனக்கில்லை.

இப்போது, மூட்டை கொடுக்காமல் கேள்வி மட்டும் கொடுத்தவர்களுக்கு வருகிறேன். நம் பிள்ளைகளுக்கே இங்கு ஷூ இல்லை, கடல் தாண்டிப் போய்க் கொடுக்க வேண்டுமா என்கிறீர்கள். நியாயமான கேள்வி. வந்த பொருட்களில் எடை கூடியவை, பெரிய அளவுகள், மட்டைகள், வலைகள் எல்லாம் இங்கேதான் தங்குகின்றன. புளியந்தோப்பிலும் கொருக்குப்பேட்டையிலும் கேட்கிற அணிகளுக்குக் கொடுத்துவருகிறோம். போகிறவை சின்னப் பந்துகளும் சின்ன ஷூக்களும் கோன்களும்தான். அதற்குமேலும் மனம் ஒப்பவில்லை என்றால் இங்குள்ள பிள்ளைகளுக்கென்றே தனியாகக் கொடுங்கள், அதையும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்களில் பலர் இதற்கு முன் நம் மைதானத்துக்கும் ஒரு பந்து வாங்கித் தந்ததில்லை என்பதை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு வாரம் போய்ப் பந்து உதைத்துவிட்டு, பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு வருவதில் என்ன பயன் என்று ஒரு மூத்த பயிற்சியாளர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் அதிகம். அதனால்தான் காலையில் ஆசிரியர்களுக்கும் மாலையில் பிள்ளைகளுக்கும் என்று பயிற்சியைப் பிரித்திருக்கிறோம். கடைசி நாட்களில் ஆசிரியர்களே பயிற்சி நடத்துவார்கள், நாங்கள் கோட்டுக்கு வெளியே நிற்போம். பொருட்களைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்கும்போது ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கப்போகிறேன், பீரோவில் பூட்ட வேண்டாம் என்று. ஆய்வுக்கு வருபவரிடம் காட்டுவதற்காகப் புதுப் பந்தைப் பூட்டி வைத்து, மூன்றாண்டு கழித்து அது புதுப் பந்தாகவே வெடித்த கதை நம் பள்ளிகளிலும் உண்டு. வலை, கம்பம் போன்ற கனமானவற்றை ஹட்டன் கடைகளிலேயே வாங்கிக்கொள்கிறோம். அந்த ஊர்க் கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கட்டும். அதற்கென்று பணமாகக் கொடுப்பவர்களுக்கு ரசீது உண்டு.

புதிய பொருள் வாங்கித் தருபவர்கள் பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள கடைகளில் வாங்கினால் மலிவு. பில்லைச் சேர்த்துக் கொடுங்கள், பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிடுங்கள். ஒரே மாதிரிப் புதுப் பொருள் உறையோடு ஐம்பது இருந்தால் விற்பனைச் சரக்கோ என்று சுங்கத்தில் ஐயம் எழும். பள்ளிகளின் கடிதமும் பொருட்பட்டியலும் எங்கள் கையில் இருக்கும் என்றாலும், வரிசையில் நின்று வாதாடுவதைவிட இது எளிது.

அடுத்த மாதம் முழுவதும் ஞாயிறு காலைகளில் மீன்பாடி வண்டி ஒன்று உங்கள் மன்ற வாசல்களுக்கு வரும். கூடவே எங்கள் அணிப் பிள்ளைகள் இருவர் வருவார்கள், ஒருவரிடம் பம்ப் இருக்கும், இன்னொருவரிடம் நோட்டு. கொடுத்தவரின் பெயரை ஜெர்சியில் அச்சிட்டு அனுப்ப முடியுமா என்று கேட்ட கழகத்துக்குப் பதில்: முடியாது, நோட்டில் எழுதிக்கொள்கிறோம். சாக்கின் வாயைத் தைத்து வைக்காதீர்கள். உங்கள் வாசலிலேயே கொட்டி, காற்றடித்துப் பார்த்து, ஷூவை மடக்கிப் பார்த்து, தேறியதை மட்டும்தான் வண்டியில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு கால்பந்துப் பயிற்சியாளர்