மார்கழிப் பட்டினிக்குச் சித்திரையில் கொட்டிய முடி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தை விடாமல் வாசிப்பவள் நான். முடி உதிர்வு என்றாலே செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, வெந்தயம் என்று தலையில் தேய்ப்பதைத்தான் எழுதுகிறீர்கள். தட்டில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதனால் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மகளுக்கு 24 வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பால்குடம் எடுக்க 48 நாள் விரதம் இருந்தாள். அப்படியே உடம்பையும் குறைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். ஒரு வேளைச் சோறு, அதுவும் நாலு கவளம். மற்ற நேரமெல்லாம் பப்பாளி, பால் சேர்க்காத தேநீரான தே ஓ. எட்டுக் கிலோ இறங்கியது. பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். சித்திரைப் புத்தாண்டு வாக்கில் சீப்பை வைத்தாலே கொத்துக் கொத்தாக வந்தது.

ஷாம்புவை மாற்றினாள். தண்ணீர் சரியில்லை என்றாள். பக்கத்து வீட்டு அக்கா கண்ணேறு என்றார். அப்புறம் ஒரு முடி பராமரிப்பு நிலையத்தில் பத்துத் தடவைக்கு 1,800 வெள்ளி (ரிங்கிட்) கட்டிவிட்டு வந்தாள். அங்கே அவள் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான்தான் அவளை அரசாங்கக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். கட்டணம் ஒரு வெள்ளி. டாக்டரம்மா எடுத்த எடுப்பில் கேட்டது, "ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னால காய்ச்சல், டயட் ஏதாவது இருந்ததா?" எங்களுக்குத் தெரியாமல் போனது இதுதான். உடம்புக்குச் சாப்பாடு போதவில்லையென்றால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பல ஒரேயடியாக வளர்ச்சியை நிறுத்திவிடுகின்றன. ஆனால் அன்றைக்கே விழுவதில்லை. இரண்டு மூன்று மாதம் அப்படியே இருந்துவிட்டு அப்புறம்தான் உதிர்கின்றன. காய்ச்சல், பிரசவத்துக்குப் பிறகும் இதே கதைதான். நாங்களோ மார்கழிப் பட்டினியை மறந்துவிட்டுச் சித்திரை மாத ஷாம்புவைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

காரணம் நீங்கினால் பெரும்பாலும் சில மாதங்களில் தானாக முளைத்துவிடும் வகையாம் இது. பத்துத் தடவை போய் முடிப்பதற்கும் முடி முளைப்பதற்கும் சரியாக இருந்திருக்கும். பெயர் யாருக்குப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரும்புச் சத்தும் மிகக் குறைவு. மாத்திரை கொடுத்தார்கள். சாப்பாட்டோடு தேநீர் கூடாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி என்றார்கள். தேயிலையின் துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாதாம். ரொட்டி சானாயும் தே தாரிக்குமாகவே பசியாறிப் பழகிய நமக்கு இது பெரிய தண்டனைதான்! வைட்டமின் சி கூட இருந்தால் அதே இரும்பு நன்றாகச் சேரும். கொய்யாவில் அது ஆரஞ்சைவிடப் பல மடங்கு. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வெட்டிப் பையில் போட்டு விற்கிறார்களே, அதே கொய்யாதான்.

முடி என்பதே கெராட்டின் என்ற புரதம். முட்டை, நெத்திலி, கெம்போங் மீன், சோயாவில் செய்யும் தெம்பே, பருப்பு என்று நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே புரதம் இருக்கிறது. முட்டையை வேகவைத்துச் சாப்பிட வேண்டும். பச்சை வெள்ளைக்கரு, முடிக்கு வேண்டிய பயோட்டின் என்ற வைட்டமினை உடம்பில் சேரவிடாது. அதற்காகப் பயோட்டின் மாத்திரையை வாங்கி விழுங்கவும் வேண்டாம். அந்தக் குறைபாடே அபூர்வம். போதாததற்கு, மாத்திரை தைராய்டு பரிசோதனை முடிவையும் மாற்றிக் காட்டக்கூடும்.

விரதத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நானும் இருபது வருடமாக விரதம் இருப்பவள்தான். பருப்பு, தயிர், கொல்லை முருங்கைக்கீரை மூன்றையும் விட்டதில்லை. எல்லா வழுக்கையும் சாப்பாட்டால் வருவதுமில்லை. என் கணவருக்கு அது அவர் அப்பா வழிச் சொத்து. எத்தனை முட்டை வைத்தாலும் திரும்பாது.

அடுத்த முறை எண்ணெய்க் குறிப்பு போடும்போது, டாக்டரம்மா கேட்ட அந்தக் கேள்வியையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். மகளுக்கு இப்போது நெற்றியோரம் குட்டி முடிகள் நிமிர்ந்து நிற்கின்றன. மூன்று தடவை மட்டும் போய்விட்டு வந்த அந்த நிலையத்தில், மீதி ஏழுக்கும் பணம் திருப்பித் தர முடியாது என்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு