மருமகனுக்கு: அந்த வாட்ச் வேண்டாம், இதை வாங்கு

அன்புள்ள மருமகனே,

நீ கப்பலில் தேர்ட் எஞ்சினியர் ஆகிவிட்டாய் என்று அக்கா குளச்சலிலிருந்து போன் செய்தாள். கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன்.

முதல் சம்பளத்தில் வாங்க வேண்டும் என்று நீ அனுப்பிய வாட்ச் படத்தைப் பார்த்தேன். பல ஊர் நேரத்தையும் ஒரே சமயத்தில் காட்டும் வகை. டயலைச் சுற்றி 24 ஊர்ப் பெயர்கள், உள்ளே நாளுக்கு ஒரு சுற்று சுற்றும் 24 மணி வளையம். ஜெனீவாவின் கடிகாரக் கலைஞர் லூயி கோத்தியே 1931இல் வகுத்த ஏற்பாடு அது. பார்க்கப் பார்க்க ஆசை வரும். ஆனாலும் படத்தைப் பெரிதாக்கிப் பார். கராச்சி இருக்கிறது, அடுத்தது டாக்கா. நாம் நடுவில் விடுபட்டுவிட்டோம்.

இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது. ஒரு மணிக்கு 15 பாகை என்றால் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே வருகிறது. முழு மணிகளாகப் பிரித்த வளையத்தில் அந்த அரைக்கு இடமில்லை. 2011இல் வாஷெரோன் கான்ஸ்டன்டின் என்ற சுவிஸ் கம்பெனி 37 நேரங்களைக் காட்டும் வாட்ச் செய்து அந்தக் குறையைத் தீர்த்தது. அந்த விலை உனக்கு இப்போது வேண்டாம். (என் கடை வாசலில் நின்றால் தெரியும் நாகர்கோவில் மணிமேடைக் கடிகாரம் 1893இல் வந்தது. அப்போது இந்திய நேரம் என்ற ஒன்றே இல்லை. அது 1906இல்தான் வந்தது.)

உனக்கு ஏற்றது நான்கு முள் வாட்ச். 1955இல் ரோலெக்ஸ், பான் ஆம் என்ற அமெரிக்க விமானக் கம்பெனியின் விமானிகளுக்காகக் கொண்டுவந்த ஜி.எம்.டி. மாஸ்டரின் வழி வந்தவை. நான்காவது முள் மணி முள்ளின் பாதி வேகத்தில், 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வரும். வாங்கும்போது ஒன்றை மட்டும் சோதித்துப் பார்: ஓரத்தில் இருக்கும் சாவியை ஒரு படி இழுத்துத் திருகினால் மணி முள் தனியாக, ஒவ்வொரு மணியாகத் தாவ வேண்டும், நொடி முள் நிற்கக் கூடாது. கப்பல் கடிகாரத்தை மாற்றும் இரவுகளில் அது போதும். நான்காவது முள்ளைக் கிரீன்விச் நேரத்திலேயே விட்டுவிடு. கப்பலில் அந்த நேரம் எப்போதும் தேவைப்படும்.

வீட்டு நேரத்தை வைத்தே கிரீன்விச் நேரத்தைப் படிக்க, எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் காட்டிய வித்தை ஒன்று உண்டு. இந்திய நேரம் வைத்த சாதாரண வாட்சைத் தலைகீழாகப் பிடி. பகல் 12 மணி என்றால், இரண்டு முள்ளும் கீழே ஆறைக் காட்டி நிற்கும். ஆறரை என்று படிக்கலாம். கிரீன்விச் நேரப்படி அப்போது காலை ஆறரைதான்! வித்தியாசம் ஐந்தரை மணியாக இருப்பதால்தான் இது பலிக்கிறது. முதல்முறை கண்ணால் கண்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சாவியை இறுகத் திருகி மூடு. குளச்சல் மீனவர்களின் வாட்சுகளைத் திறக்கும்போது உப்பு வெள்ளையாகப் பூத்து, ஸ்பிரிங் துருவேறிக் கிடப்பதை வாரம்தோறும் பார்க்கிறேன்.

அக்கா வீட்டுக் கூடத்தில் இப்போது இரண்டு சுவர்க் கடிகாரங்கள். ஒன்று நம் நேரம், மற்றது நீ போனில் சொல்லும் நேரம். நேற்றுப் போனேன். நீ செங்கடல் தாண்டி ஒரு வாரம் ஆகிறது. இரண்டாவது கடிகாரம் இன்னும் சிங்கப்பூர் நேரத்தில் ஓடுகிறது. இன்றே அவளுக்கு ஒரு வரி அனுப்பு.

அன்புடன்,
மாமா