ஹோம்ஸே கதை சொன்னபோது

அன்புள்ள தம்பிக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில், கதைகளில் வரும் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸை வைத்து நீயும் பெரியவரும் மல்லுக்கட்டியபோது நான் வாய் திறக்கவில்லை என்று குறைப்பட்டாயாம். அங்கே பேசியிருந்தால் அது பஞ்சாயத்தாகி, இரண்டு பேரும் என்மேல் வருத்தப்பட்டிருப்பீர்கள். பாம்பனிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் வந்திருந்தவர்களும் படிக்கட்டும் என்றே இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நீ கையில் எடுத்தது 1924-இல் வெளிவந்த ‘மூன்று கேரிடெப்கள்’ கதையின் ஒரு பகுதி. ஹோம்ஸின் நண்பரும், வழக்கமாக அவர் கதைகளைச் சொல்பவருமான வாட்சனின் தொடையைத் துப்பாக்கிக் குண்டு உரசிச் செல்கிறது. அடிபடவில்லை என்று சொல்லும்படி ஹோம்ஸ் கடவுளின் பெயரால் கெஞ்சுகிறார். பேனாக்கத்தியால் கால்சட்டையைக் கிழித்துக் காயத்தைப் பார்க்கிறார். வாட்சன் செத்திருந்தால் நீ இந்த அறையைவிட்டு உயிரோடு போயிருக்க மாட்டாய் என்று சுட்டவனிடம் சொல்கிறார். எதையும் வெளிக்காட்டாத அந்த முகத்துக்குப் பின்னால் இவ்வளவு அன்பு இருக்கிறது என்று அறிய எத்தனை காயம் பட்டாலும் தகும் என்று வாட்சன் எழுதுகிறார். இது காதலேதான், எழுதியவர் தெரிந்தேதான் ஒளித்து வைத்திருக்கிறார் என்றாய் நீ. இவற்றை எழுதிய கோனன் டாயில் வயதான காலத்தில் சலிப்போடு எழுதிய கதைகளைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்றார் பெரியவர். கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் பற்றி இப்படித்தான் பேசுவாயா என்றும் மடக்கினார்.

சலிப்பு என்ற வாதம் நிற்காது. டாயில் 1893-லேயே சலித்துப்போய்த்தான் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றார். பிறகு அவரை உயிர்ப்பித்து எழுதிய பின்னாள் கதைகளில் துப்பறியும் நுட்பம் தேய்ந்திருப்பது மெய்தான். ஆனால் அது தேயத் தேய அந்த இரண்டு மனிதர்களும் நம் கண்ணுக்கு நன்றாகத் தெரிய வருகிறார்கள். புறநானூற்று எடுத்துக்காட்டும் அவருக்கு அவ்வளவாக உதவாது. பெயர் கேட்டால் சோழனின் பெயரையே தன் பெயராகச் சொல்லும் ஒருவர். வடக்கிருந்து உயிர்விடும் வேளையில், நேரில் பார்த்தே இராத அந்த நண்பருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைக்கச் சொல்லும் அரசன். இதைக் கூச்சமே இல்லாமல் பாடிய மரபை வைத்துக்கொண்டு ஒருவனின் வாயை அடைப்பது விந்தைதான். இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவிலிருந்து ஒருபாலுறவைக் குற்றமாக்கிய பகுதியை உச்ச நீதிமன்றம் 2018-இல் நீக்கிவிட்டது. பிறகும் இந்தக் கேள்வியைக் கேட்பதே அசிங்கம் என்பதுபோல் அவர் குரல் இருந்தது. எனக்குப் பிடிக்காதது அதுதான்.

ஆனால் உன் வாதத்திலும் ஓட்டை இருக்கிறது. ஆண்களுக்கிடையிலான உறவை இங்கிலாந்தில் 1885-ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையாகத் தண்டித்தது என்பதும், அதன்படி எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட் 1895-இல் சிறைக்குப் போனார் என்பதும் சரி. டாயிலுக்கு வைல்டைத் தெரியும். 1889-இல் லண்டனில் ஒரே விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அந்த மாலையை டாயில் தம் நினைவுக்குறிப்பு நூலில் மிகுந்த பிரியத்தோடு எழுதியிருக்கிறார். கூடவே, வைல்டுக்கு வந்தது ஒரு நோய், அதை விசாரிக்க வேண்டிய இடம் மருத்துவமனையே தவிரக் காவல் நீதிமன்றம் அல்ல என்றும் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துக்கு அது இரக்கமுள்ள பேச்சுதான் என்றாலும், அந்த நூல் வெளிவந்ததும் நீ காட்டிய கதை வெளிவந்த அதே 1924-இல்தான். அப்படி நினைத்த மனிதர் நமக்காகக் குறிப்பு ஒளித்து வைத்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை. எழுதியவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் தோற்கப்போவது நீதான். அவரை விட்டுவிட்டுக் கதையைப் பிடி.

1926-இல் வந்த இரண்டு கதைகளை வாட்சன் சொல்லவில்லை, ஹோம்ஸே சொல்கிறார். ‘சிங்கப் பிடரி’யில் அவர் ஓய்வுபெற்றுக் கடலோரத்தில் தேனீ வளர்க்கிறார், வாட்சன் எப்போதாவது வார இறுதியில் வந்து போவதோடு சரி. (செத்தவனின் முதுகில் வரிவரியாகச் சிவந்த தடிப்பு என்று வாசித்ததுமே, வலை இழுத்த கையில் சொறிமீன் என்ற ஜெல்லிமீன் பட்டுத் தடித்ததைப் பார்த்து வளர்ந்த நம் ஆட்கள் கொலையாளியைக் கண்டுபிடித்துச் சிரித்துவிட்டார்கள், ஹோம்ஸுக்குப் பாவம், அதற்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது.) பெண்கள் தம்மை ஈர்த்தது அரிது, தம் மூளையே மனத்தை ஆண்டது என்று அவர் சொல்வதும் இந்தக் கதையில்தான். உனக்கு வேண்டிய சான்று போலத் தோன்றினாலும் அதில் பாதிதான் சான்று; மூளை ஆண்டது என்பவர் ஆண்களையும் சேர்த்துத்தான் விலக்குகிறார்.

‘வெளிறிய சிப்பாய்’ கதையில் வருவது அதைவிட வலுவானது. வாட்சன் தம்மை விட்டுவிட்டு ஒரு மனைவியைத் தேடிப் போனதாகவும், தங்கள் பழக்கத்தில் அவர் செய்த ஒரே சுயநலமான காரியம் அதுதான் என்றும் ஹோம்ஸ் போகிற போக்கில் எழுதுகிறார். வாட்சன் கதை சொன்ன வரையில் நமக்கு இது தெரிய வழியே இல்லை. தம்மைப் பிரிந்து இன்னொருவர் எப்படி இருந்தார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த மனத்தாங்கலுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் நானும் நீயும் வேறுபடலாம். இல்லவே இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் கவனி. வாட்சன் இல்லாமல் தனியாக உட்கார்ந்து எழுதும் ஹோம்ஸ், எழுதுவதற்கு எந்த வழக்கைத் தேர்ந்தெடுக்கிறார்? தென்னாப்பிரிக்கப் போரில் கூடவே இருந்த நண்பன் திடீரென்று காணாமல் போக, உலகம் சுற்றப் போயிருக்கிறான் என்று அவன் தகப்பனார் சொன்னதை நம்பாமல், அந்த வீட்டுக்கே போய், இரவில் சன்னலில் தெரிந்த வெளிறிய முகத்தைத் துரத்தி ஓடும் ஒருவனின் வழக்கை. நான்கு மணி நேரம் விவாதித்தீர்களே, இந்தக் கதையை இரண்டு பேரில் ஒருவர்கூட எடுக்கவில்லை.

அன்புடன்,
அக்கா