மாம்பழப் பெட்டியில் வந்த பாட்டில்

தர்மபுரி
17.8.2025

அன்புள்ள சம்பத்,

மாம்பழப் பெட்டி அனுப்பியதோடு சரி, மூன்று மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மா இன்னும் 'அந்தக் களித் திருடன் எப்படி இருக்கான்?' என்றுதான் உன்னை விசாரிக்கிறாள். மழை சுமார். போர்வெல்லைப் பற்றிக் கேட்காதே.

நேற்று போனில் விஷயத்தை ஆரம்பித்ததும் 'மூலிகைதானே வாத்தியாரே' என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். செந்தூராவுக்கு நடுவே வைக்கோலில் சுற்றி ஒரு சின்ன பாட்டில் வைத்தேனே, தூக்கம் வரும், முழங்கால் வலி போகும் என்று பெருமையாகச் சீட்டு வேறு எழுதி. அதைப் பற்றித்தான்.

அது என் பையன் பிரகாஷ் கொண்டுவந்த சரக்கு. அவனோடு கபடி ஆடுகிற ஓசூர்ப் பையன் பெங்களூரில் வாங்கித் தந்தானாம். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கிற சிபிடி எண்ணெய், போதை ஏறாது என்றான். லேபிளில் 'விஜயா' என்று போட்டிருந்தது. கஞ்சாவுக்கு ஆயுர்வேதப் பெயராம் அது, நான் ஏதோ அம்மன் பெயர் என்று நினைத்தேன். முதலில் நாக்கடியில் நாலு சொட்டு. நன்றாகத் தூங்கினான். அப்புறம் ஒரு டிராப்பர், இரண்டு, கடைசியில் நாளுக்கு நாலு டிராப்பர். கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 400 மில்லிகிராம். காசு யார் கொடுத்தது? நான்தான். 'பயிற்சிச் செலவு' என்று நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். 26 வருடம் விளையாட்டு ஆசிரியராக விசில் ஊதியவன்.

ஜூனில் அணித் தேர்வுக்கு உடல்தகுதிச் சான்று கேட்டார்கள். ரத்தம் கொடுத்தான். கல்லீரல் சோதனையில் பார்க்கிற இரண்டு என்சைமும் எகிறியிருந்தன: எஸ்ஜிபிடி 132, எஸ்ஜிஓடி 210. இரண்டுமே ஏறக்குறைய 40க்குள் இருக்க வேண்டியவை. கல்லீரல் என்றதும் வீட்டில் என்ன நடந்திருக்கும்? ஒரு வாரம் அவன் அம்மா அவன் வாயருகே மூக்கை வைத்துப் பார்த்தாள். நானும் சட்டைப் பையைத் துழாவினேன். இரண்டு பஸ் டிக்கெட், ஒரு பபிள்கம். பையன் தலை குனிந்து நின்றதை நினைத்தால் இன்னும் என்னவோ செய்கிறது.

டாக்டர் சின்னப் பையன்தான், ஆனால் விவரமானவர். 'முந்தின நாள் என்ன பயிற்சி செய்தாய்?' என்றுதான் முதலில் கேட்டார். தோளில் பாரம் வைத்து ஸ்குவாட், நூற்றுக்குமேல். அந்த இரண்டு என்சைமும் கல்லீரலில் மட்டுமில்லையாம், தசையிலும் உண்டாம். கடும் பயிற்சிக்குப் பிறகு ஒரு வாரம்கூட ஏறி நிற்கும். தசை அடிபட்டால் ஏறுகிற சிபிகே பார்த்தார், 2400. 'தசைதான். பத்து நாள் ஓய்வு கொடுத்துவிட்டு வா' என்றார். எனக்கு உயிர் வந்தது. எண்ணெயைப் பற்றி அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அதை மருந்து என்று யார் நினைத்தது?

இரண்டாவது சோதனையில்தான் கதை திரும்பியது. சிபிகே 180, சுத்தம். எஸ்ஜிஓடி 96க்கு இறங்கிவிட்டது. எஸ்ஜிபிடி மட்டும் 168க்கு ஏறியிருந்தது! தசை ஓய்ந்த பிறகும் அது ஏறினால், அதற்கு வேறு இடம் இருக்கிறது என்றார். 'உள்ளுக்கு வேறென்ன சாப்பிடுகிறாய்?' அப்போதுதான் பையன் பையிலிருந்து பாட்டிலை எடுத்தான். ஓய்வு கொடுத்த பத்து நாளும் நாலு டிராப்பர் தவறவில்லை. வலிக்கு பாராசிட்டமால் வேறு. ஓய்வில் இருந்தது கால்தான்.

இந்த வருடம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினரே ஆரோக்கியமான ஆட்களை வைத்துப் பார்த்திருக்கிறார்களாம். உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், 28 நாள். சிபிடி குடித்த 151 பேரில் 8 பேருக்கு என்சைம் இயல்பான உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, சிபிடி இல்லாத போலி மருந்து குடித்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. பிரகாஷின் எடைக்கு அவன் குடித்ததும் ஏறக்குறைய அதே அளவு. நல்ல வேளை, நிறுத்திய இரண்டு வாரத்தில் எஸ்ஜிபிடி 46க்கு வந்துவிட்டது. ஊக்கமருந்துச் சிக்கல் தனிக் கதை. சிபிடியை 2018 ஜனவரியிலிருந்து தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் அதே செடியில் போதை ஏற்றுகிற டிஎச்சி போட்டி நாளில் தடைதான். பாட்டிலுக்குள் அது எவ்வளவு கலந்திருக்கிறது என்று அந்த ஓசூர்ப் பையனுக்கா தெரியும்? போகட்டும், அதற்காக எழுதவில்லை.

உனக்காக எழுதுகிறேன். டாக்டர் எழுந்து கதவைச் சாத்தும்போது, 'வீட்டில் யாராவது வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறார்களா? அவர்கள் இதைத் தொடவே கூடாது' என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தொப்பூர்க் கணவாய் விபத்துக்குப் பிறகு நீ பதினோரு வருடமாகப் போடுவது அந்த மாத்திரைதானே?

இதே சிபிடியை வலிப்புக்கு மருந்தாகவே 2018இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அந்தச் சோதனைகளில் வால்ப்ரோயேட்டும் சேர்ந்து சாப்பிட்டவர்களில் 100க்கு 21 பேருக்கு என்சைம் மூன்று மடங்கைத் தாண்டியது. வால்ப்ரோயேட்டும், உடன் கொடுக்கிற இன்னொரு வலிப்பு மருந்தான குளோபசாமும் இல்லாதவர்களில் 3 பேருக்குத்தான். அவர்கள் கொடுத்தது பெரிய அளவு, உண்மை. ஆனால் சொட்டு டிராப்பர் ஆவதை நான் என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

முக்கியமாக ஒன்று. நீ அவசரக்காரன். பயந்துபோய் மாத்திரையை நிறுத்தித் தொலைக்காதே, அது வேறு ஆபத்து. நிறுத்த வேண்டியது பாட்டிலை. கொட்டிவிடாமல் உன் நரம்பு டாக்டரிடம் கொண்டுபோய் லேபிளைக் காட்டு, எத்தனை நாள் எவ்வளவு என்று மறைக்காமல் சொல். கல்லீரல் சோதனைக்கு எழுதித் தருவார். ரத்தம் கொடுக்கும் வரை உன் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தை விட்டுவிடு, இல்லாவிட்டால் அதுவும் வந்து குழப்பும்.

என் சீட்டைத் தங்கச்சி பார்க்கவில்லை என்று நேற்று சொன்னாய். செவ்வாய்க்கிழமைக்குள் எனக்கு ரிசல்ட் வரவில்லை என்றால் நானே அவளுக்குப் போன் போட்டுச் சொல்வேன், கேஆர்பி டேம் கதையையும் சேர்த்து.

உன்
மாணிக்கம்